ஸ்வாட் மாடலில் மண் ஆழம்: எங்கே பிசகுகிறது?

ஆற்றுப்படுகையில் விழும் மழை எங்கே போகிறது என்று கணக்கிடும் கணினி மாடல் ஸ்வாட். அதன் மண் கோப்பில் 'சோல்_இசட்' என்ற உள்ளீடு கேட்பது அடுக்கின் தடிமனை அல்ல. தரையிலிருந்து அந்த அடுக்கின் அடிவரைக்குமான ஆழத்தை, அதுவும் மில்லிமீட்டரில். பலரும் சறுக்குவது இங்கேதான். மேலடுக்கு 300 மி.மீ., அதன் கீழே 700 மி.மீ. தடிமனில் இன்னோர் அடுக்கு என்றால் 300, 1000 என்று கொடுக்க வேண்டும். 300, 700 என்று போட்டால் கீழடுக்கு 400 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். பயிருக்குக் கிடைக்கும் நீர்க் கொள்ளளவு (ஒரு மி.மீ. மண்ணுக்கு இத்தனை மி.மீ. நீர்) மேலே 0.12, கீழே 0.15 என்று வையுங்கள். 36 + 105 = 141 மி.மீ. பிடிக்க வேண்டிய மண், 36 + 60 = 96 மி.மீ.தான் பிடிக்கும். மாடல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி முடிக்கும். ஆற்றில் நீர் கூடுதலாக வருகிறதே என்று நாம் கர்வ் நம்பரை (மழையில் எவ்வளவு தரைமேல் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) குறைத்துக்கொண்டிருப்போம்.

உலக மண் தரவுத்தளமான எச்.டபிள்யூ.எஸ்.டி.யின் 1.2 பதிப்பில் இரண்டே அடுக்குகள்: 0–30, 30–100 செ.மீ. பத்தால் பெருக்க மறந்தால் ஒரு மீட்டர் மண் நூறு மில்லிமீட்டர் ஆகிவிடும். இதையாவது முதல் ஓட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்த 100 செ.மீ. பெரும்பாலான மண்களுக்குப் பொதுவாக வைத்த குறிப்பாழம், அங்கே குழி வெட்டி அளந்தது அல்ல என்பதைத்தான் மறந்துபோகிறோம். செம்மண் 45 செ.மீ.யில் முடிந்து மொரம்பு தட்டுகிற சரிவில் 1000 மி.மீ. கொடுத்தால், பருவத்தின் முதல் வெள்ளங்களை மாடல் மண்ணுக்குள்ளேயே விழுங்கிவிடும். புதிதாக வெட்டிய கிணற்றின் பக்கச்சுவரை டேப்பால் அளந்தாலே போதும்.

ஆழத்தைக் கூட்டினால் மண் ஆவியாதலும் அதே அளவு கூடும் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தேவையில் பாதியை மேல் 10 மி.மீ.யிலிருந்தும், 95 விழுக்காட்டை மேல் 100 மி.மீ.யிலிருந்தும் எடுப்பதாகவே ஸ்வாட்டின் சமன்பாடு பங்கிடுகிறது. ஆழத்து நீரை மேலே கொண்டுவருவது வேர்தான். அதற்கு 'சோல்_இசட்எம்எக்ஸ்' (அந்த மண்ணில் வேர் இறங்கக்கூடிய அதிகபட்ச ஆழம்) தடை போடலாம்: 1000 மி.மீ. மண்ணில் அது 500 என்றிருந்தால் வேர் பாதியிலேயே நின்றுவிடும். பயிர்க் கோப்பில் வேராழம் மீட்டரில் இருக்கும், அங்கேயும் ஒரு கண் வேண்டும்.

காலிபரேஷனில், அதாவது மாடலை அளந்த நீரோட்டத்தோடு பொருத்தும்போது, அடுக்கு எண் குறிப்பிடாமல் சோல்_இசட்டுக்கு 'வி' முறையில் (பழைய மதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது) ஒரே மதிப்பை ஏற்றினால் எல்லா அடுக்கின் அடியும் ஒரே ஆழத்துக்குப் போய்விடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் 'ஆர்' முறையில், இருக்கும் மதிப்பை விழுக்காடாகக் கூட்டியோ குறைத்தோ மாற்றுங்கள். எங்களைக் கேட்டால், ஆழத்தைக் களத்தில் உறுதிசெய்து பூட்டிவிட்டு நீர்க் கொள்ளளவை மட்டும் அசைப்பது நல்லது. இரண்டும் பெருக்கலாகவே கணக்கில் வருவதால், நீரோட்டத் தரவை மட்டும் வைத்து எது தவறு என்று பிரித்தறிவது கடினம்.

ஓட்டம் முடிந்ததும் அடைமழைக்கு மறுநாளின் மண்நீர் மதிப்பை எச்.ஆர்.யு. (ஒரே நிலப்பயன்பாடு, மண், சரிவு கொண்ட நிலத்துண்டு) வெளியீட்டில் பாருங்கள். மேலே சொன்ன மண்ணில் 141 மி.மீ.யை ஒட்டி நிற்க வேண்டியது 96இல் நின்றால், மண் கோப்பைத் திறக்க வேண்டியதுதான்.