வங்கக் கடலின் அடுக்கு நீர்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் அதை அடுத்த மாதங்களிலும் கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி ஆகிய ஆறுகளின் நன்னீர், வங்கக் கடலின் வட, வடமேற்குக் கரையோரங்களில் உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காகப் பரவி நிற்கிறது. இந்த இரண்டு நீரையும் காற்று எளிதில் கலக்க முடியாததால், வெளிச்சம் மேலேயும் ஊட்டச்சத்தான நைட்ரேட் கீழேயும் பிரிந்து கிடக்க, இரண்டும் தேவைப்படும் தாவர மிதவையுயிரிகள் (நீரில் மிதந்து வாழும் நுண்ணிய தாவர வகை உயிரிகள்) இடையில் ஓர் ஆழத்தைத் தேடிக்கொள்கின்றன.

இங்கே கலப்பு அடுக்கின், அதாவது காற்றால் சீராகக் கலந்த மேல்நீரின், ஆழத்தை வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவது முதல் தவறு. வெப்பநிலை சீராக இருக்கும் அடுக்கின் நடுவிலேயே உப்புத்தன்மை சட்டென்று மாறக்கூடும். குளிர்காலத்திலோ மேல்நீர் கீழ்நீரைவிடக் குளிர்ந்திருப்பதும் உண்டு. எனவே அடர்த்தியைக் கணக்கிடாமல் வரையும் எல்லைக்கோடு, ஊட்டச்சத்து எங்கே தடைபடுகிறது என்பதைக் காட்டாது.

அதைவிடப் பரவலானது, செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பச்சையத்தை மேலிருந்து ஆழம்வரையுள்ள முழு நீரின் கணக்காக எடுத்துக்கொள்வது. கடல்நிறத்தை அளக்கும் உணரிக்கு எட்டுவது மேல்மட்ட நீர் மட்டுமே. கலங்கலற்ற கடற்பகுதியில் பச்சையத்தின் உச்சம் பல பத்து மீட்டர் ஆழத்தில், நைட்ரேட் கூடத் தொடங்கும் இடத்தை ஒட்டி இருப்பதால், அது படத்தில் பதிவதில்லை. கரையை நெருங்கினால் சிக்கல் தலைகீழாகிறது: ஆற்று வண்டலும் நீரில் கரைந்த கரிமப் பொருள்களும் பச்சையத்தைப் போலத் தோன்றி அளவைக் கூட்டிக் காட்டுகின்றன. ஆழத்து உச்சத்தைக் கண்டுபிடித்த பிறகும் அங்கேதான் உயிரிகள் மிகுதி என்று முடிவுகட்டக் கூடாது. மங்கிய வெளிச்சத்தில் வாழும் செல் ஒவ்வொன்றும் தனக்குள் பச்சையத்தைக் கூட்டிக்கொள்வதால், செல்களின் எண்ணிக்கையோ கார்பன் அளவோ கூடாமலே பச்சையம் கூடியிருக்கலாம்.

0, 10, 25, 50 மீட்டர் என முன்கூட்டியே நிர்ணயித்த ஆழங்களில் மட்டும் நீர் எடுத்தால், சில மீட்டர் தடிப்பே உள்ள செறிந்த அடுக்கு இரண்டு குப்பிகளுக்கு நடுவே நழுவிவிடும். பச்சையம் உமிழும் ஒளிர்வை அளக்கும் ஒளிர்வுமானி பொருத்திய சி.டி.டி. கருவியை (உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் ஆகியவற்றைக் காட்டுவது) முதலில் இறக்கிப் பார்த்து, குப்பியை மூடும் ஆழத்தை அதன்படி முடிவுசெய்வதே சரியான முறை. கடலுக்குள் நீரடுக்குகளுக்கு இடையே எழும் உள்ளலைகள் இந்த அடுக்கைச் சில மணி நேரத்திலேயே மேலும் கீழுமாக நகர்த்துவதால், வெவ்வேறு நேரத்து அளவுகளை ஆழவாரியாகச் சராசரியாக்கினால் கூர்மையான உச்சம் மழுங்கிப்போகும்; ஒரே அடர்த்தியுள்ள நீரை ஒப்பிட்டால் அந்த உச்சம் மழுங்காமல் இருக்கும். நண்பகல் வெயிலில் மேல்நீரின் ஒளிர்வு இயல்பாகவே தணிவதையும் பச்சையம் குறைந்ததாக எண்ணிவிடக் கூடாது.

மேற்பரப்பில் நைட்ரேட் ஏறக்குறைய இல்லை என்றதும் வளர்ச்சியும் இல்லை என்று எழுதுவது அவசர முடிவு. உயிரினக் கழிவிலிருந்து திரும்பக் கிடைக்கும் அம்மோனியத்தை மிதவையுயிரிகள் உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால், நீரில் மிஞ்சும் இருப்பை வைத்து அதன் புழக்கத்தை மதிப்பிட முடியாது. கீழிருந்து வரும் நைட்ரேட்டால் நடக்கும் புது உற்பத்தியையும் இந்த மறுசுழற்சி உற்பத்தியையும் பிரித்துக் காணும் முறையை 1967இல் டக்டேலும் கோரிங்கும் வகுத்துத் தந்தனர்.

1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின் அக்கடலில் பச்சையம் கூடியது பதிவாகியுள்ளது. இத்தகைய பதிவுகளை முழுவதும் புதிய வளர்ச்சி என்று கொள்ளக் கூடாது. புயல் கலக்கியபோது ஆழத்திலிருந்த பச்சையமே மேலே வந்திருக்கவும் வாய்ப்புண்டு. செங்குத்து நீர்மாதிரிகளும் கார்பன் அளவீடுகளும் இல்லாமல் இவ்விரண்டின் பங்கைப் பிரிக்க இயலாது.