‘கவர் கேர்ள்’ படத்த முதல் தடவ பாக்கப் போறவங்களுக்கு

பழைய ஹாலிவுட் மியூசிக்கல்னாலே பத்து நிமிஷத்துல கொட்டாவி வருதா, அப்ப 1944ல வந்த ‘கவர் கேர்ள்’ல ஆரம்பிங்க. புரூக்ளின்ல டேனினு ஒருத்தன் சின்னதா நைட் கிளப் நடத்துறான் (ஜீன் கெல்லி), அதுல ஆடுற பொண்ணு ரஸ்டி (ரீட்டா ஹேவர்த்), கூட காமெடிக்கு ஜீனியஸ்னு ஒரு ஆளு (ஃபில் சில்வர்ஸ்). ரஸ்டி போட்டோ ஒரு பத்திரிகை அட்டையில வந்துடுது, அப்புறம் பெரிய இடத்துலேர்ந்தெல்லாம் கூப்புடுறாங்க, டேனிக்கு வயித்தெரிச்சல். கத அவ்ளோதான். கதைக்காகப் பாக்க உக்காந்தீங்கன்னா ஏமாந்துருவீங்க.

முதல்ல டிவி செட்டிங். அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்ட சதுரமா இருக்கும், ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும், அத பாத்துட்டு ஜூம் பண்ணிடாதீங்க. நான் முதல் தடவ அந்த வேலையத்தான் பண்ணேன், மேலயும் கீழயும் வெட்டுப்பட்டு ஆடுறவங்க காலே காணோம், டான்ஸ் படத்துல கால் இல்லன்னா அப்புறம் என்னத்த பாக்குறது. டிவில ஆளுங்க அசையுறத வழவழன்னு ஆக்குற ஆப்ஷன் இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க. கலரையும் குறைக்காதீங்க, டெக்னிகலர்ல (அந்தக் காலத்து கலர் படம் எடுக்குற முறை) ரீட்டாவோட செம்பட்ட முடிக்கு தனி கெத்து.

அடுத்து, பாட்டு வந்தா ஃபார்வர்ட் பண்ற பழக்கத்த ஒரு ரெண்டு மணி நேரம் மூட்ட கட்டி வைங்க. வெள்ளிக்கிழம ராத்திரி ஷோ முடிஞ்சதும் மூணு பேரும் ஜோ கடைக்குப் போயி சிப்பி வாங்கி, திங்கிறதுக்கில்ல, முத்து இருக்கான்னு பாக்குறதுக்கு ஒடைப்பாங்க, ஒண்ணும் இருக்காது, சரி போகட்டும்னு தெருவுல எறங்கி ஆடிக்கிட்டே போவாங்க, நடுவுல போலீஸ்காரர் வேற. இவங்க மூணு பேரும் எவ்ளோ நெருக்கம்னு வசனத்த விட அந்த ஆட்டம்தான் சொல்லுது. அத ஓட்டிவிட்டுட்டா பின்னாடி வர்ற பிரிவு உங்களுக்கு ஒறைக்காது.

இப்ப மெயின் ஐட்டம். டேனி ராத்திரில தனியா நடந்து வர்றான், கடைக் கண்ணாடில அவன் பிம்பம் தெரியுது, அது வெளிய குதிச்சு அவன்கூடவே ஆட ஆரம்பிக்குது. நம்ம படத்துல மனசாட்சி கண்ணாடில வந்து வசனம் பேசும்ல, இங்க மனசாட்சி ஆடுது. கம்ப்யூட்டர் கிடையாது, ஒரே ஆட்டத்த ரெண்டு தடவ எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு பதிச்சிருக்காங்க, கேமரா நகர்றதும் ரெண்டு தடவையும் அச்சு அசலா ஒத்துப்போகணும், கெல்லி கூட அவருக்கு டான்ஸ் அமைக்க உதவுன ஸ்டான்லி டோனென் உக்காந்து இத கணக்குப் போட்டிருக்கார். இந்த சீன மட்டும் ரெண்டு தடவ பாருங்க, முதல்ல டேனிய, ரெண்டாவது தடவ பிம்பத்த மட்டும். அது எப்பவும் இவன விட கொஞ்சம் தெனாவெட்டா தெரியும் எனக்கு. கடைசில அவன் குப்பைத்தொட்டிய தூக்கி கண்ணாடில எறிவான் பாருங்க, அந்த நேரம் சவுண்டு கொஞ்சம் வச்சே கேளுங்க.

ரஸ்டியோட பாட்டி கதன்னு ஃப்ளாஷ்பேக் வரும், பாட்டியாவும் ரீட்டாதான். கொஞ்சம் இழுவ, அப்ப வேணா போய் டீ போட்டுக்கலாம். அட்டைப்பட அழகிங்கள வரிசையா நிக்கவெக்கிற பாட்டு இன்னிக்குப் பாத்தா நெளியத்தான் வைக்குது.

ரீட்டா பாடுற குரல் அவங்களோடது இல்ல, மார்த்தா மியர்ஸ்னு ஒருத்தங்க பாடுனது. பின்னணிப் பாட்டு கேட்டே வளந்த நமக்கு அது பெரிய விஷயமில்ல, ஆனா படத்து டைட்டில்ல அவங்க பேரத் தேடாதீங்க, இருக்காது. மியூசிக் ஜெரோம் கெர்ன், பாட்டு எழுதுனது ஐரா கெர்ஷ்வின்.

முடியப் போகுதுன்னு செல்போன கையில எடுத்துறாதீங்க, ஜோ கடை இன்னும் பாக்கி இருக்கு.