விற்கப்போகும் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

போன வாரம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய தனி வீடுகளைச் செப்பனிட்டு விற்றுக் கொடுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் அதை எடுத்திருந்தார். சாரம் கட்டி, இரண்டாவது கோட்டிங் நடந்துகொண்டிருந்தது. பின்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதன் மேலேயே ரோலர் ஓடியது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தப்பு. விற்கும் முன் வீட்டின் வெளிப்புறத்தில் பலரும் செய்யும் தப்புகளை மட்டும் இங்கே சொல்கிறேன். குப்பையை அள்ளுங்கள், கேட்டைத் துடையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட்

அப்போது என் கையில் இருந்தது ஒரு வயதான தம்பதியின் வீடு. தீபாவளிக்குள் கிரையம் முடிய வேண்டும் என்றார்கள். புரட்டாசியில் அவசர அவசரமாக வெளிச்சுவர் முழுக்க எமல்ஷன் அடித்தேன். வீடு பளிச்சென்று ஆனது, அட்வான்ஸும் வந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வாங்க இருந்தவர் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராக பாத்ரூம் பக்கச் சுவருக்குப் போனார். அப்பளம் மாதிரி உப்பியிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது, உள்ளே பூச்சு மாவாக உதிர்ந்தது. “இதை மறைக்கத்தான் பெயிண்டா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வாங்க வந்தவர்கள் மறுபடி பெயிண்ட் அடிக்கும் செலவை மட்டும் கழிக்கவில்லை, வீட்டையே சந்தேகப்பட்டார்கள். கூரை ஒழுகுமா, அஸ்திவாரத்தில் தண்ணீர் நிற்குமா, 2015 டிசம்பர் வெள்ளம் உள்ளே வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். முழங்கால் உயர ஓதக் கோடு வெள்ளக் கோடு மாதிரியேதான் தெரியும். கடைசியில் விலையை லட்சக்கணக்கில் இறக்கித்தான் கிரையம் முடிந்தது. அந்தப் பணம் விற்ற வயதான தம்பதியின் பணம். இன்றைக்கும் நினைத்தால் மனசு ஆறாது.

நடப்பது இதுதான். செங்கல்லிலும் பூச்சிலும் இருக்கும் உப்பு, ஈரத்தில் கரைந்து சுவரின் மேற்பரப்புக்கு வரும். தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே படிகமாகி நிற்கும். மேலே பெயிண்ட் படலம் இருந்தால் அதைத் தள்ளிக் கிளப்பிவிடும். எத்தனை விலை உயர்ந்த பெயிண்டும் இதற்குத் தாங்காது.

ஆகவே முதல் வேலை தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது. மாடிக் கைப்பிடிச் சுவரின் தலையில் விரிசல், தண்ணீர் தேங்கும் சன்ஷேட், பாத்ரூம் பைப் இணைப்பு, வழிந்து ஓடும் மேல்நிலைத் தொட்டி, சுவரில் வேர்விட்ட அரசங்கன்று எல்லாவற்றையும் பாருங்கள். அடைத்த பிறகு சுவர் காயட்டும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தால் பெயிண்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உப்பைக் கம்பி பிரஷால் காய்ந்தபடியே தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினால், பெயிண்டுக்கு முன் குறைந்தது 28 நாள் விடுங்கள். அந்தப் பூச்சுக்கு உப்பு போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், எடுத்த உப்பை நீங்களே திரும்பக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

அந்தத் தம்பியிடம் அன்றைக்கே இதைச் சொல்லி வேலையை நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்காரர் கோபப்பட்டார், படட்டும்.

உள்பக்கப் பட்டியை வெளியே பார்ப்பது

பட்டி என்றால் பெயிண்டுக்கு முன் சுவரைச் சமன் செய்யத் தேய்க்கும் மாவு. உள்சுவருக்கானதை வெளியே தேய்த்தால் ஒரே மழையில் ஊறிப் பெயர்ந்து வந்துவிடும். வெளிச்சுவருக்கு வெள்ளை சிமென்ட் பட்டி.

கண்ணைக் குத்தும் நிறம்

வேண்டாம்.

முன்சுவரில் எலிவேஷன் டைல்

உங்களுக்குப் பிடித்த கல் டைல் வாங்குபவருக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. பழைய பூச்சின் மேல் ஒட்டினால் இன்னும் மோசம். பூச்சு கழன்றால் டைலும் சேர்ந்து விழும். விரலால் தட்டிப் பார்க்கிற ஆள் வந்தால் அந்த ‘டொக் டொக்’ சத்தத்திலேயே உள்ளே கழன்றிருப்பதைப் புரிந்துகொள்வார்.

வாசல் முழுக்க சிமென்ட்

சுத்தமாகத் தெரியும் என்று காம்பவுண்ட் வரைக்கும் தரை போட்டு, மழைநீர் சேகரிப்புக் குழியையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2003இல் இருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 2019 கோடைத் தட்டுப்பாட்டைப் பார்த்த சென்னைக்காரர்கள் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், அடுத்து குழி எங்கே என்று கேட்பார்கள். மேலும், தரை மட்டம் உயர்ந்தால் மழைத் தண்ணீர் சுவரோரமாகவே நிற்கும், ஓதம் ஏறும். குழியைத் தூர்வாரி, மூடியைத் தெரியும்படி வையுங்கள்.

நிழல் தரும் வேப்பமரத்தை வெட்டுவது

வெட்டாதீர்கள். மே மாதம் வீடு பார்க்க வருகிறவர் அந்த நிழலில்தான் வண்டியை நிறுத்துவார்.

மழைக்கு முன் அவசரம்

ஆடி கழிந்ததும் எல்லாரும் சாரம் கட்டக் கிளம்புகிறார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புதுப் பூச்சு காயவே ஒரு மாதம் ஆகும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மழையில் சுவர் எங்கெங்கே நனைகிறது என்று கார்த்திகை வரை பார்த்து சாக்பீஸால் குறித்து வையுங்கள். தை பிறந்ததும் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், மாசி கடைசியில் பெயிண்டர் வரட்டும்.