நெய்ச்சாளை: பார்த்து வாங்க, பக்குவமாய் வைக்க

கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்துக் களியக்காவிளை, கொல்லங்கோடு, மார்த்தாண்டம் சந்தைகளில் நெய்ச்சாளை மீனுக்குப் பெயர் சாளை. திருவனந்தபுரத்திலும் அதே பெயர்தான். வடகேரளத்துக்குப் போனால் மத்தி. சூடை, கவலை என்ற பெயர்களில் சாளையின் இனத்தைச் சேர்ந்த வேறு சிறு மீன்களும் விலைபோகின்றன. அவற்றில் முள் அதிகம், நெய் குறைவு. அதனால் சந்தையில் வெறுமனே 'சாளை' என்று கேட்காமல், "அக்கா, நெய்ச்சாளை உண்டா?" என்று கேளுங்கள்.

அடையாளம் எளிது. நெய்ச்சாளை உருண்டு நீண்டிருக்கும், தலை உடம்புக்குச் சற்றுப் பெரிதாகத் தெரியும். செவுள் மூடியின் பின்விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். சூடை பக்கவாட்டில் தட்டையானது, வயிறு கத்திபோல் ஒடுங்கியிருக்கும். கறிக்கும் பொரிக்கவும் 15 முதல் 18 செ.மீ. நீளமுள்ளது நல்ல அளவு. விரல் நீளக் குஞ்சுச்சாளையை வாங்காதீர்கள். 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கேரளத்தில் தடை இருக்கிறது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்டால்தான் அடுத்த பருவத்தில் நமக்கு மீன்.

எந்த மாதத்தில் வாங்குகிறோம் என்பது மீனின் ருசியையே மாற்றிவிடும். சாளை முட்டையிடுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை. அப்போதும் நாட்டுப்படகுச் சாளை வரும், சினையோடு. முட்டையிட்டு முடித்த மீன் மெலிந்திருக்கும், பொரித்தால் சக்கை. அதைப் புளி கூட்டிக் கறி வைப்பதே சரி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தின்று கொழுத்து வரும் சாளைதான் பொரிப்பதற்கானது. வாணலியில் அதன் நெய்யே பாதி வேலையைச் செய்துவிடும்.

கெடுவதில் இந்த மீனுக்கு அவசரம் அதிகம். இரை நிறைந்த குடலில் உள்ள செரிமான நீர், மீன் செத்த பிறகு வயிற்றுச் சதையையே கரைக்கும். வயிறு வெடித்த சாளை வருவது இதனால்தான். வெடிப்பைக் கண்டால், செவுள் சிவப்பாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சாளையில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உருவாகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வருவது அதன் குணம். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொலைவிலிருந்து வாங்கிப்போவதானால் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெட்டிவிட வேண்டும், குடலோடு பிரிட்ஜில் வைக்கவே கூடாது.

வெட்டும்போது மீனை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்துக் கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைக்குத் தள்ளுங்கள். செதிள் லேசாகக் கழன்றுவிடும், தெறிக்காது. அடிவயிற்றில் ரம்பம் போன்ற ஒரு விளிம்பு தடவினால் கையில் குத்தும். அதைக் கத்தரிக்கோலால் ஒரு நூலளவு அகலத்துக்கு நறுக்கி எடுத்தால் வயிறும் தானே திறக்கும். செவுளையும் குடலையும் எடுங்கள், சினையை விட்டுவிடுங்கள். உள்ளே கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். விரல் நுனியில் கல்லுப்பைத் தொட்டுத் தேய்த்தால் அது உரிந்து வரும். விட்டுவிட்டால் கறியில் கசப்பு தட்டும். கடைசியாகப் புளித் தண்ணீரில் ஒருமுறை அலசி வடியவிடுங்கள்.

எல்லைப் பக்கத்து வீடுகளில் சாளைக்கு உகந்த வைப்பு புளிமுளம்: தேங்காயும் புளியும் சேர்த்து வற்ற வைக்கும் கறி. அரைக் கிலோ சாளைக்கு: துருவிய தேங்காய் ஒரு கப், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) பத்து, வத்தல்பொடி (மிளகாய்ப்பொடி) ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்பொடி அரை டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், கீறிய பச்சைமிளகாய் நான்கு, கறிவேப்பிலை இரண்டு இணுக்கு, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறிய குடம்புளி மூன்று துண்டு. குடம்புளி இல்லையென்றால் சிறிய எலுமிச்சையளவு புளி, மாங்காய்க் காலமானால் அரை மாங்காய். தேங்காய், உள்ளி, பொடிகள், சீரகம் நான்கையும் கரகரப்பாக ஒதுக்கி, அதாவது ஒன்றிரண்டாக அரைத்து எடுங்கள். விழுதாக அரைத்தால் இது குழம்பாகிவிடும், முளம் ஆகாது. மண்சட்டியில் அரைப்பையும் பச்சைமிளகாயையும் கறிவேப்பிலையையும் புளியையும் உப்பையும் முக்கால் கப் தண்ணீரில் பிசறி, ஒரு கொதி வந்ததும் மீனை அடுக்குங்கள். புளி முதலில் போவதற்குக் காரணம் உண்டு: அதன் புளிப்பில் சதை இறுகி, மீன் உடையாமல் நிற்கும். மூடி எட்டு நிமிடம், திறந்து ஐந்து நிமிடம். நடுவில் அகப்பையைப் போடாதீர்கள். சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றினால் போதும். தண்ணீர் வற்றியதும் இரண்டு ஸ்பூன் பச்சைத் தேங்காயெண்ணெயை ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து மயக்கிய மரச்சீனியோடு (வேகவைத்து மசித்த மரவள்ளிக்கிழங்கு) பரிமாறுங்கள்.

பொரிப்பதற்கு இருபக்கமும் மூன்று கீறல் போட்டு, மசாலா தடவி இருபது நிமிடம் வையுங்கள். தோல் கல்லில் ஒட்டிக் கிழிவதற்கு இரண்டே காரணம்: மீனில் ஈரம், காயாத எண்ணெய். போட்டபின் நான்கு நிமிடம் தொடக்கூடாது. அடிப்பக்கம் மொறுமொறுப்பானால் மீன் தானாகவே கல்லை விட்டு எழும்பும்.

நெய் மிகுந்த சாளையைக் கருவாடு போடுவது வீண் வேலை. காயக் காய எண்ணெய் காறலெடுக்கும். கருவாட்டுக்கு மெலிந்த மழைக்காலச் சாளை போதும், நெத்திலி அதைவிட நல்லது. இதே காறல் பிரீசரிலும் வரும், மெதுவாக. மீன் மூழ்கத் தண்ணீர் ஊற்றி உறையவைத்தால் காற்றுப் படாது. அப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

வெட்டிய தலையும் குடலும் தோட்டத்துக்கு உதவும். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம் சேர்த்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் முக்கால் அளவே நிரப்பி நிழலில் வையுங்கள். ஈ புகுந்தால் புழு வைக்கும், அதனால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். நாற்பது நாளில் தேன் நிறத்தில் மீன் அமிலம் வடிந்து நிற்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலந்து, வாழைக்கும் காய்கறிக்கும் மாலை வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம்.