துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்

என் வீட்டு அலமாரியில் ஒரு லீவர் ரைஃபிள் (விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வரும் நீளத் துப்பாக்கி) ஏழு ஆண்டுகளாகத் தூங்குகிறது. 30-30 என்ற ரைஃபிள் தோட்டா போடும் வகை, மான் வேட்டைக்கு அருமையானது. கௌபாய் துப்பாக்கிப் போட்டியில் சேரப்போகிற உற்சாகத்தில், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வந்தேன். முதல் நாள் பதிவு மேசையில் இருந்த அம்மையார், இடுப்பில் இரண்டு ரிவால்வர், தலையில் பூ வைத்த தொப்பி, அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "நல்ல துப்பாக்கி. ஆனால் இங்கே மான் எதுவும் இல்லையே!" இந்தப் போட்டியில் ரைஃபிளும் ரிவால்வர் தோட்டாவைத்தான் சுட வேண்டும். இந்த அடிப்படை விதிகூடத் தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டேன். நீங்கள் சுட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கம். நகருக்கு வடக்கே உள்ள பென் ஆவெரி சுடுதளத்தில்தான் 'விண்டர் ரேஞ்ச்' என்ற பெரிய போட்டி நடக்கும். இந்த விளையாட்டு 1980களின் தொடக்கத்தில் தென் கலிஃபோர்னியாவில் பிறந்தது. இதற்கான சங்கம் 1987இல் உருவானது. முழுப்பெயர் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி'. எல்லோரும் சுருக்கமாக 'சாஸ்' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்துத் துப்பாக்கிகள் அல்லது அவற்றின் நகல்கள், அந்தக் காலத்து உடை, அந்தக் காலத்துக்கு ஏற்ற ஒரு புனைபெயர். இந்த மூன்றும் இருந்தால்தான் ஆட்டம். புனைபெயர் இன்னொருவருடையதாக இருக்கக் கூடாது. நான் கேட்ட முதல் இரண்டும் போய்விட்டன. மூன்றாவதாக எழுதிக் கொடுத்த 'மதுரை கிட்' யாரும் தொடாமல் கிடந்தது. வியப்பில்லை.

நம்மவர்களுக்கு முதலில் ஒரு சட்டச் செய்தி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, வேலை விசா, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. இரவல் வாங்கிச் சுட்டாலும் கையில் எடுத்ததாகவே கணக்கு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலை எது என்பதை வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொண்டு அடுத்த அடி வையுங்கள். வேடிக்கை பார்க்க எந்த விசாவும் தடையில்லை.

வேடிக்கை பார்ப்பதில்தான் தொடங்கவும் வேண்டும். உங்கள் ஊருக்கு அருகில் மாதப் போட்டி நடத்தும் மன்றத்தைக் கண்டுபிடித்து, "புதியவன், பார்க்க வருகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், பார்வையாளருக்கும்தான். இலக்குகள் எஃகுத் தகடுகள். அவற்றில் பட்ட ஈயம் சிதறித் திரும்பும். காதடைப்பானும் கொண்டுபோங்கள். அங்கே அரை மணி நேரம் நின்றால் போதும், யாராவது ஒருவர் தன் துப்பாக்கியை நீட்டி "சுட்டுப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிடுவார். என் முதல் மூன்று போட்டிகளையும் இரவல் துப்பாக்கியில்தான் சுட்டேன். தோட்டாவுக்குக் காசு கொடுக்கப் போனால் முகம் சுளித்தார்கள். அடுத்த முறை ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனேன். அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

வேண்டியவை நான்கு துப்பாக்கிகள்: சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் இரண்டு, லீவர் ரைஃபிள் ஒன்று, ஷாட்கன் (சிறு ஈயக் குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி) ஒன்று. சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு முறையும் சுத்தியலை (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பாகம்) கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே விசை வேலை செய்யும். 1873 கோல்ட் மாதிரியின் இத்தாலிய நகல்களோ ரூகர் வக்கேரோவோ பெரும்பாலோர் இடுப்பில் இருக்கும். ரைஃபிளில் 1873 வின்செஸ்டரின் நகலுக்குத்தான் மவுசு. ஷாட்கன் இரட்டைக்குழலாக இருக்கலாம், ஆனால் வெற்றுத் தோட்டாவைத் தானாகத் துப்பும் வகை கூடாது. வெளியே சுத்தியல் தெரியும் 1897 வின்செஸ்டர் பம்ப் வகைக்கும் அனுமதி உண்டு. என் சிபாரிசு: ரிவால்வர், ரைஃபிள் இரண்டுக்கும் .38 ஸ்பெஷல் என்ற தோட்டா. உதை குறைவு, விலை குறைவு, ஒரே டப்பாவிலிருந்து இரண்டையும் நிரப்பலாம். குண்டு ஈயமாக இருக்க வேண்டும். செப்பு உறை போட்டது கூடாது. வேகத்துக்கும் வரம்பு உண்டு: ரிவால்வரில் நொடிக்கு 1000 அடி, ரைஃபிளில் 1400 அடி.

இனி, நான் மிகவும் மதிக்கும் சடங்கு: ரிவால்வரை நிரப்புவது. உருளையில் ஆறு அறைகள்; போடுவது ஐந்து தோட்டாக்கள். பழைய கோல்ட் வகையில் சுத்தியல் தோட்டாவின் மேலேயே படிந்திருக்கும். கீழே விழுந்தால் வெடித்துவிடும். அதனால் சுத்தியலுக்குக் கீழே எப்போதும் வெற்று அறை. நிரப்பும் மேசையில் குழல் சுடுதளத்தை நோக்கியிருக்க, சுத்தியலைப் பாதி இழுத்து, பக்கவாட்டுக் கதவைத் திறப்பேன். ஒன்று போடு, ஓர் அறையை விடு, நான்கு போடு. கதவை மூடிச் சுத்தியலை முழுதாக இழுத்தால், விட்ட அந்த வெற்று அறை சரியாக மேலே வந்து நிற்கும். கட்டைவிரலால் பிடித்தபடி விசையை அழுத்திச் சுத்தியலை மெதுவாக இறக்க வேண்டும். பிறகு பக்கத்தில் நிற்பவர் குனிந்து இடைவெளியில் பார்த்துத் தலையசைப்பார். நான் இன்றும் வாய்க்குள் "ஒன்று, விடு, நான்கு" என்று முணுமுணுக்கிறேன். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

போட்டி பல கட்டங்களாக நடக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குட்டிக் கதை, நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு வசனம், சுட வேண்டிய வரிசை எல்லாம் வாசிப்பார்கள். வசனம் சொன்னதும் டைமர் கீச்சிடும். 'நெவாடா ஸ்வீப்' என்றால் மூன்று தகடுகளில் 1-2-3-2-1-2-3 என்று ஓரத்தில் இரட்டிக்காமல் போய்வருவது. வரிசை பிசகினால் 10 நொடி தண்டம், ஒரு குறி தவறினால் 5 நொடி. ரிவால்வர் தகடுகள் 7 முதல் 10 கஜத்தில்தான் இருக்கும். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியவை. அதனால் எல்லோருக்கும் வேகமாகச் சுடும் ஆசை வந்துவிடும். ஒருமுறை எனக்கு முன்னால் சுட்ட இளைஞர் 28 நொடியில் முடித்தார். மூன்று தவறியதால் கணக்கு 43 ஆனது. நான் ஆமைபோல் 41 நொடி எடுத்தேன், ஒன்றும் தவறவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று பாட்டி சொன்னது எதற்கென்று அன்று விளங்கியது.

நொடிக் கணக்கில் அடங்காத தவறுகளும் உண்டு. குழல் பக்கவாட்டில் 170 பாகைக் கோட்டைத் தாண்டினால், அதாவது இலக்குப் பக்கத்தை விட்டு அதிகம் திரும்பினால், அந்தக் கட்டமே போச்சு. வெற்றுத் துப்பாக்கி கைதவறி விழுந்தாலும் அப்படியே. தோட்டாவோடு விழுந்தால் அன்றைய போட்டியே முடிந்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். விழுந்ததை நீங்களே குனிந்து எடுக்காதீர்கள். அதிகாரி எடுத்துத் தருவார். 'டொம்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

உடைக்குச் செலவழிக்காதீர்கள். முழுக்கைச் சட்டை, சாதாரணக் கால்சட்டை, தோல் பூட்ஸ், அகல விளிம்புத் தொப்பி போதும். பேஸ்பால் தொப்பியும் ஓட்டக் காலணியும் மட்டும் ஆகாது. முதலில் காசைப் போட வேண்டியது நல்ல இடைவாருக்கும் உறைகளுக்கும். போலித் தோட்டாக்களை வைத்து, வீட்டுச் சுவரைப் பார்த்து, தினமும் கால் மணி நேரம் உருவுவதும் செருகுவதுமாகப் பழகுங்கள். ஷாட்கன் தோட்டாவை இடைவாரிலிருந்து இரண்டிரண்டாக எடுத்துச் செருகும் பழக்கம் இப்படித்தான் கைவரும். ஷாட்கன் வெறுமையாகத்தான் தொடங்கும், நிரப்புவதெல்லாம் கடிகாரம் ஓடும்போது. அந்தப் பயிற்சி அறைக்குள் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. என் மனைவி வாசலில் நின்று சோதித்த பிறகே என்னை உள்ளே விடுவார்.

சுடாத நேரத்தில் சும்மா நிற்காதீர்கள். வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்குங்கள், தகடுகளுக்குப் பெயின்ட் அடியுங்கள். குறி தவறியதை எண்ண மூன்று பேர் நிற்பார்கள். அந்த வேலைக்கு மட்டும் சில மாதம் பொறுத்து வாருங்கள்.

அந்த 30-30 இன்னும் விற்பனைக்கு இருக்கிறது.