இண்டக்‌ஷன் அடுப்பு சூடாகவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

இண்டக்‌ஷன் அடுப்பு நின்றுபோனால் உடனே "போர்டு போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பாத்திரம், கரண்ட், காற்று இந்த மூன்றில் ஒன்று சரியில்லாவிட்டாலும் அடுப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். ஆகவே முதலில் வெளியில் இருப்பதைப் பார்ப்போம். ஸ்க்ரூடிரைவர் எதற்கும் தேவையில்லை.

படி 1: என்ன செய்கிறது என்று கவனியுங்கள்

விளக்கே எரியவில்லையா? விளக்கு எரிந்து, 'பீப் பீப்' என்று கத்திவிட்டு அணைகிறதா? கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்கிறதா? கத்தினால் பெரும்பாலும் பாத்திரம். ஓடி நின்றால் பெரும்பாலும் காற்று. திரையில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் அடுப்போடு வந்த கையேட்டைத்தான் நம்ப வேண்டும்.

படி 2: பாத்திரம்

இந்த அடுப்பில் நெருப்பு இல்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) வேகமாக மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதனால் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடாகிறது. காந்தம் ஒட்டாத பாத்திரம் வேலை செய்யாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். கெட்டியாகப் பிடித்தால் சரி. சாதாரண அலுமினியக் குக்கர், செம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. இரும்பு தோசைக்கல் நன்றாகவே சூடாகும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும்.

காந்தம் ஒட்டியும் அடுப்பு கத்துகிறதா? அடிப்பாகத்தின் அகலத்தைப் பாருங்கள். 12 சென்டிமீட்டருக்குக் குறைவான பாத்திரத்தைப் பல அடுப்புகள் கண்டுகொள்வதே இல்லை. ஒருவருக்கு மட்டும் காபி போடும் சின்னக் கிண்ணத்தில் இந்தத் தகராறு வரும். அடி உப்பிப்போன பழைய குக்கரிலும் வரும். சந்தேகம் இருந்தால், முன்பு இதே அடுப்பில் ஒழுங்காகச் சூடான பாத்திரத்தை வைத்துப் பாருங்கள்.

படி 3: பிளக்கும் சாக்கெட்டும்

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மிக்சி போடும் 6 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்களைப் பாருங்கள். கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகிய வாடை வந்தாலோ, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சாக்கெட்டை மாற்றும் வரை அதில் எதையும் செருகாதீர்கள்.

சாயங்காலம் மட்டும் அடுப்பு மக்கர் செய்தால் லோ வோல்டேஜாக இருக்கலாம். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா, விளக்கு மங்குகிறதா என்று பாருங்கள்.

படி 4: காற்று

அடுப்பின் அடியில் ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. மேடை அழுக்காகக் கூடாது என்று சிலர் அடுப்புக்குக் கீழே துணியோ நியூஸ்பேப்பரோ விரிப்பார்கள். ஃபேன் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், உள்ளே சூடு ஏறும், அடுப்பு நின்றுவிடும். அதை எடுத்துவிடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, அடித்துளைகளில் படிந்த எண்ணெய்ப்பிசுக்குத் தூசியைப் பழைய டூத் பிரஷால் துடையுங்கள். கரப்பான் புழுக்கை தெரிந்தால் சர்வீஸ் கடையில் மறக்காமல் சொல்லுங்கள்; உள்ளே இருக்கும் கதகதப்புக்குக் கரப்பான் குடியேறி போர்டைக் கெடுப்பது உண்டு.

அடுப்பு ஓடும்போது ஃபேன் சத்தமே கேட்கவில்லை என்றால் அது கடை வேலை. சமைத்து முடித்ததும் ஃபேன் தானாக நிற்கும் வரை சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டாம்.

படி 5: பட்டன்கள்

டச் பட்டன் கேட்கவில்லை என்றால் ஈரத்தையும் எண்ணெயையும் காய்ந்த துணியால் துடையுங்கள். பூட்டுப் படம் எரிந்தால் சைல்டு லாக் விழுந்திருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் அந்தப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் விடும்.

இதற்கு மேல் தொடாதீர்கள்

கண்ணாடியில் சின்ன விரிசல் இருந்தாலும் பயன்படுத்த வேண்டாம். பொங்கி வழியும் பால் விரிசல் வழியே மின்சாரத்தைத் தொடும். சுவிட்ச் போட்டதும் வீட்டு மெயின் ட்ரிப் ஆனாலோ, 'டப்' என்று சத்தம் கேட்டாலோ, மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். மூடியையும் கழற்ற வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்சம் தங்கியிருக்கலாம்.

கடையில் "ஃப்யூஸ் மட்டும்தான் போச்சு" என்று சொன்னால், ஐஜிபிடியையும் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வேகமாக விட்டு நிறுத்தும் பாகம்) பிரிட்ஜ் ரெக்டிஃபையரையும் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் பாகம்) சோதித்தார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் அவை ஷார்ட் ஆவதால்தான் ஃப்யூஸ் எரிகிறது. ஃப்யூஸை மட்டும் மாற்றினால் திரும்பவும் எரியும். ஃப்யூஸுக்குப் பதில் கம்பி சுற்றித் தந்தால் வாங்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 2000 வாட்டில் சுமார் நான்கு நிமிடத்தில் கொதிக்க வேண்டும்.