மலிவு எம்பி3 பிளேயர்: காசு கொடுக்குமுன் கடையிலேயே சோதிப்பது எப்படி

‘ஹை-ரெஸ்’ (உயர்தர ஒலி), ‘லொஸ்லெஸ்’ (தரம் இழக்காத ஒலி) என்று டப்பாவில் அச்சடிக்க மை இருந்தால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைக்குப் போகுமுன் வீட்டில் அரை மணித்தியால வேலை இருக்கிறது.

1. சோதனைக் கார்ட்

8 அல்லது 16 ஜிபி மெமரி கார்டை எஃப்ஏடி32 (FAT32) முறையில் ஃபோர்மெட் செய்யுங்கள். கார்டில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் இது ஒன்று. 64 ஜிபி கார்ட் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபெட் (exFAT) என்ற வேறு முறையில்தான் இருக்கும். மலிவு பிளேயர் பலவற்றுக்கு அது புரியாது. ‘கார்ட் இல்லை’ என்று காட்டும். கார்டில் இவற்றை ஏற்றுங்கள்:

- தப்பு, தவில் போன்ற அடியும் தெளிவான குரலும் உள்ள ஒரு பாட்டு, 320 கேபிபிஎஸ்ஸில் (ஒரு வினாடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் தரவு என்ற கணக்கு). 5 நிமிடப் பாட்டென்றால் 12 எம்பி அளவில் இருக்கும். 128இல் இருந்ததை 320 ஆக மாற்றிய கோப்பும் அதே 12 எம்பிதான். ஆனால் போன தரம் திரும்பி வராது. ஆகவே ஒரிஜினல் சீடியில் இருந்து எடுத்தது நல்லது.
- அதே பாட்டு, ஆடாசிட்டி (Audacity) என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் சத்தத்தை 50 டெசிபெல் குறைத்தது.
- இடது பக்கம் மட்டும் ‘இடது’, வலது பக்கம் மட்டும் ‘வலது’ என்று உங்கள் குரலில் பதிந்தது.
- தமிழில் பெயர் வைத்த ஒரு கோப்பு.

உங்களுக்குப் பழகிய இயர்போனையும் எடுத்துப் போங்கள். டப்பாவோடு வரும் இயர்போனில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

2. கடையில்

கடை திறந்தவுடன் போங்கள். பஸ் ஸ்டாண்ட் ஹோர்ன் சத்தத்தில் இரைச்சல் கேட்காது. முதல் வேலையாக ஈக்வலைசர், ‘பேஸ் பூஸ்ட்’ எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

50 டெசிபெல் குறைத்த பாட்டைப் போட்டு, வழக்கமாகக் கேட்கும் அளவில் சத்தத்தை வையுங்கள். பாட்டு மெல்லிசாக எங்கோ கேட்க, பின்னால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓடினால் அது பிளேயரின் சொந்த இரைச்சல். முழு மௌனக் கோப்பை வைத்து இதைப் பார்க்க முடியாது. சில பிளேயர்கள் மௌனம் வந்ததும் வெளியீட்டையே அடைத்துவிடும், நாம் ஏமாந்துபோவோம். இரைச்சலோடு ‘டிக் டிக்’ சத்தமும் வந்து, திரை அணைந்ததும் அது நின்றால், உள்ளே திரையின் மின்சுற்றும் ஒலியின் மின்சுற்றும் சரியாகப் பிரிக்கப்படவில்லை. அதை வாங்க வேண்டாம்.

அடுத்தது ஜேக், அதாவது இயர்போன் மாட்டும் துளை. பாட்டு ஓடும்போது பிளக்கை மெதுவாகச் சுற்றுங்கள். பாடகரின் குரல் திடீரென்று காணாமல் போய், வாத்தியம் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்டால், இரண்டு காதுக்கும் பொதுவான கம்பியின் தொடர்பு விட்டுப்போகிறது. இரண்டு காதுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. குரல் பெரும்பாலும் நடுவில் பதியப்படுவதால் அதுதான் முதலில் மறையும். இன்னொரு இயர்போனை மாட்டியும் அப்படியே இருந்தால் கோளாறு ஜேக்கில்தான்.

பிறகு குரலைக் கவனியுங்கள். ‘ச’, ‘ஷ’ எழுத்துகள் காதைக் கீறக் கூடாது. தப்பின் அடி ‘டப்’ என்று விழுந்து நிற்க வேண்டும். ‘தும்ம்ம்’ என்று இழுத்தால் பேஸ் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

சத்தத்தை ஒன்றாம் படிக்கு இறக்குங்கள். லயக் காம்பராவில் இராத்திரி கேட்பவருக்கு இது முக்கியம்: ஒன்றே அதிகமாக இருந்தாலோ, ஒரு காதில் மட்டும் கேட்டாலோ தினமும் தொல்லை.

இரண்டு பிளேயரை ஒப்பிடுவதென்றால், குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி சத்தத்தைச் சமப்படுத்திய பிறகே ஒப்பிடுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பாடுவது எப்போதும் நல்லதாகவே தோன்றும். கடைக்காரருக்கும் இது தெரியும்.

தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றினால் சரி.

3. காசைப் பிரிப்பது

முழுக் காசையும் பிளேயரில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது இயர்போனுக்கு வையுங்கள். இந்த விலையில் காதுக்குத் தெரியும் வித்தியாசம் அங்கேதான் அதிகம். இயர்போனின் மின்தடை ஓம் கணக்கில் டப்பாவில் இருக்கும்; 16 முதல் 32 ஓம் வரையுள்ளது பொருந்தும். 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்போனை இதில் மாட்டினால் சத்தம் பற்றாது.

4. வாங்கிய அன்றே

உள் நினைவகத்தை நிரம்பும்வரை பாட்டால் நிரப்பி, கடைசியாக ஏற்றிய பத்தையும் முதலில் ஏற்றிய பத்தையும் போட்டுப் பாருங்கள். போலி 16 ஜிபி என்றால் உண்மைக் கொள்ளளவுக்கு மேல் போனவை ஓடாது, அல்லது பழையவை அழிந்திருக்கும். பிறகு முழு சார்ஜில், பாதிச் சத்தத்தில், திரை அணைத்து ஓடவிட்டு எத்தனை மணித்தியாலம் தாங்குகிறது என்று குறியுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். தை மாதக் குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும், அதை வைத்துப் பழுதென்று முடிவெடுக்க வேண்டாம்.

எஃப்எம்மை உங்கள் வீட்டு வாசலில் வைத்துச் சோதியுங்கள். இயர்போன் வயர்தான் அதன் ஏரியல், அதை நீட்டி விடுங்கள். பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் அலை மலையில் பட்டுத் திரும்புவதால் குரல் கரகரக்கும். இரண்டடி நகர்ந்தால் சரியாகிவிடலாம்.

பனியில் நனைந்து வந்த பிளேயரை அடுப்படிச் சூட்டுக்குள் கொண்டுவந்தவுடன் சார்ஜில் போடாதீர்கள். உள்ளே நீர் பூத்திருக்கும். ஒரு மணித்தியாலம் துணிமேல் காயவிட்டு, பிறகு வயரை மாட்டுங்கள்.